ஹல்ப் ட்ரை எண்டால் எத்தினை மணி?

ஹம்பேர்க்கில் ஒரு கல்யாண மண்டபம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் காகிதத் தட்டு, தட்டில் ஒரு கடி கடித்த றோல்ஸ். உயரமான யன்னல்களால் இறங்கிய பிற்பகல் வெயில், ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கால்களில் மட்டும் விழுந்திருந்தது. முகங்கள் நிழலில் இருந்தன. கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் இது எந்த ஆண்டு என்றே தெரியாது. எனக்கும் சற்று நேரம் தெரியவில்லை.

அப்போது பவானியக்கா வந்தார். மணப்பெண்ணின் தாய். என்னைவிட நாலு வயது இளையவர்தான், ஆனால் மணியண்ணையின் மனைவி என்பதால் எனக்கு அக்கா. மணியண்ணை எங்கள் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடித்தவர்.

"என்ன ராசன், ஒளிச்சு நிண்டு சாப்பிடுறியள்? பொம்பிளை உங்களைத் தேடுறாள். பாட்டு இருக்கெல்லோ?"

"ஓம் அக்கா. தொண்டையை ஒருக்கா நனைச்சிட்டு வாறன்."

அவர் போகவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்லோணும் எண்டு கனகாலமா நினைச்சிருந்தனான். அந்த அஞ்சு மாசம் நான் ஏன் கொழும்பு லொட்ஜில கிடந்து அழுதனான் எண்டு இந்த மனிசன் இண்டைக்கு வரைக்கும் வாய் திறந்து சொன்னதில்ல. கேட்டா 'பிந்திப் போனன்' எண்டு மட்டும் சொல்லும். உங்கட பாட்டுத்தான் எனக்கு உண்மையைச் சொன்னது. மேளம் தட்டின அவசரத்தில என்னை மறந்து போச்சு. நீங்களெண்டாலும் சொன்னியள். அதுக்கு நன்றி."

சொல்லிவிட்டு, பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். மிச்ச றோல்ஸ் தட்டிலேயே கிடந்தது.

வாசகர்கள் சிலர் இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: "ஐயா, அந்த 'ஹல்ப் ட்ரை' பாட்டைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?" நான் அக்கோர்டியனைப் பற்றி எழுதினேன், வான் வண்டியில் பாரிஸுக்குப் போனதைப் பற்றி எழுதினேன், யன்னல் சீலையில் மிஞ்சிய துணியில் ஐந்து பேருக்கும் கழுத்துப் போ-டை தைத்துக் கட்டியதைக்கூட விடாமல் எழுதினேன். அந்தப் பாட்டின் பக்கம் மட்டும் போகவில்லை. காரணம் இதுதான். அந்தப் பாட்டில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியவன் நான். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு ஒரு பெண் முப்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

கோவில் இல்லாத கபெல்லே

முதலில் என் ஜெர்மன் மொழியின் இலட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பீலெஃபெல்டுக்கு வந்த புதிதில், மாலை வகுப்பில் மூன்று மாதம் படித்த ஒரே ஆள் நான். அத்தோடு கையில் ஓர் அகராதி வேறு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் சனத்துக்கு நான்தான் அந்த இலுப்பைப்பூ. கடிதம் வந்தால் என்னிடம் வருவார்கள். டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுக்க வேண்டுமா, ராசனைக் கூப்பிடு. அன்ட்ராக் படிவம் நிரப்ப வேண்டுமா, ராசனைக் கூப்பிடு. எனக்கோ தலை ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

ஒருமுறை, எங்கள் ஆட்களில் ஒருவரின் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டுப் போனேன். மண்டபப் பொறுப்பாளர் வெள்ளை மீசைக்காரர், நல்ல மனிதர். "கபெல்லே இருக்கிறதா?" என்று கேட்டார். என் அகராதியில் கபெல்லே என்றால் சிறு கோவில் என்று போட்டிருந்தது. "இல்லை, நாங்கள் சைவசமயம். ஐயரைக் கூட்டிக்கொண்டு வருவோம்" என்றேன்.

"ஐயரில் எத்தனை பேர்?"

"ஒருவர்தான்."

"ஒரே ஒருவரா! அவர் என்ன வாசிப்பார்?"

"மந்திரம் வாசிப்பார். மணியும் அடிப்பார்."

அவர் என்னை நெடுநேரம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கையால் அக்கோர்டியன் இழுப்பது போல இழுத்து, இடுப்பையும் ஆட்டிக் காட்டினார். அந்த மொழியில் நடன இசைக்குழுவுக்கும் கபெல்லே என்றுதான் பெயராம். அன்று அவர் கேட்டது, "உங்கள் கல்யாணத்தில் ஆட்டத்துக்கு வாசிக்க ஆட்கள் இருக்கிறார்களா?" என்பதைத்தான்.

இல்லைத்தான். அதுவரை எங்கள் கல்யாணங்களில் ஒரு கசெற் பெட்டி பாடும், நாங்கள் சுவரோரம் வரிசையாக நின்று பார்ப்போம். வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த மனிதர் இடுப்பை ஆட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏன் எங்களுக்கு ஒரு கபெல்லே இருக்கக் கூடாது?

பழைய சாமான் சந்தையில் அக்கோர்டியன் கிடைத்தது. தேவாலயம் ஒன்றின் நிலவறையை ஞாயிறு காலைகளில் பழகத் தந்தார்கள். உருளைக்கிழங்கும் மெழுகுதிரியும் கலந்த வாசனை அங்கே எப்போதும் இருக்கும். எந்தச் சந்தையில் அந்த வாசனை வந்தாலும் என் இடதுகை விரல்கள் இன்றைக்கும் தானாகப் பொத்தான்களைத் தேடும்.

பெயர் 'சின்னக்கோவில் இசைக்குழு'. என் பிழையைக் கேட்டு ஒரு கிழமை சிரித்த மணியண்ணைதான் பெயரை வைத்தார்.

தீப்பெட்டியில் மூன்றரை

மணியண்ணை என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். கையில் இரண்டு குச்சியைக் கொடுத்துவிட்டால் மேசை, கதவு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பேசத் தொடங்கும். ஊரில் கல்யாணம் முடித்துப் பதினாறு நாளில் புறப்பட்டு வந்தவர். மனைவியைக் கூப்பிடுவதுதான் அவருக்கு ஒரே நினைவு. ஒத்திகையின் நடுவில் திடீரென்று அடிப்பதை நிறுத்திவிட்டு, "இப்ப அங்க எத்தினை மணி இருக்கும்?" என்று கேட்பார்.

பவானியக்காவின் கடதாசிகள் எல்லாம் சரிவந்து, வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு டெர்மின் எடுக்க வேண்டி இருந்தது. அவ்வளவுதான் பாக்கி. அவர் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கி, பெட்டியும் கட்டி வைத்துவிட்டார்.

மஞ்சள் தொலைபேசிக் கூண்டுக்குள் நாங்கள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். நான் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் மிகப் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: புதன்கிழமை, ஹல்ப் ட்ரை.

ட்ரை என்றால் மூன்று. ஹல்ப் என்றால் அரை. இதற்கு அகராதி எதற்கு? தீப்பெட்டியில் எழுதி மணியண்ணையிடம் கொடுத்தேன்: புதன், மூன்றரை.

அந்தப் புதன்கிழமை அவர் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்கே போய்க் காத்திருப்போர் வாங்கில் இருந்திருக்கிறார். மார்கழி மாதம். அவர் என் அறைக்கு வந்தபோது நாலரைதான், ஆனால் யன்னல் கறுத்துவிட்டது. கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார்.

"எடேய் ராசன், ஹல்ப் ட்ரை எண்டா ரெண்டரையாம்."

நாங்கள் கடந்து வந்த மணியோடு அரையைச் சேர்ப்பவர்கள். மூன்று முடிந்து அரை போனால் மூன்றரை. இவர்கள் வரப்போகும் மணியைப் பார்த்துக்கொண்டு அரையைச் சொல்கிறார்கள். மூன்றை நோக்கிப் போகிறோம், பாதி வந்துவிட்டோம், ஆகவே அரை மூன்று. யோசித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அழகாக இருக்கவில்லை. அடுத்த டெர்மின் ஐந்து மாதம் கழித்துத்தான்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தேன். "எல்லாருக்கும் சொல்லுறன் அண்ணை, என்ர பிழை எண்டு" என்றேன்.

"விசரே உனக்கு? நீதான் சனத்துக்குக் கடிதம் வாசிக்கிறனி. உன்ர பிழை எண்டு தெரிஞ்சா ஆரும் உன்னட்ட வராயினம். பிறகு அதுகள் ஆரிட்டப் போறது? நான் பிந்திப் போனன் எண்டே இருக்கட்டும்."

அதோடு எழுந்து போய்விட்டார். தீப்பெட்டி என் மேசையில் கிடந்தது.

ட்ராமில் வந்த மெட்டு

இனிச் சொல்லப்போவதுதான் வெட்கக்கேடு.

மூன்று கிழமை கழித்து, பனி கொட்டும் ஒரு காலையில் ட்ராமில் போய்க்கொண்டிருந்தேன். வெளியே ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக ஓர் அமைதி. சில்லு தண்டவாளப் பொருத்துகளில் தட்டிக்கொண்டு போக, அந்தத் தட்டலோடு ஒரு மெட்டு வந்தது. மெட்டுகள் என்னிடம் அப்படித்தான் வரும், அரைத் தூக்கத்தில், ஆரோ பக்கத்து இருக்கையில் இருந்து முணுமுணுப்பது போல. நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் போய்விடும் என்று பயம்.

வாய் தானாகச் சொன்னது:

*ஹல்ப் ட்ரை எண்டால் எத்தினை மணி?*
*மணியண்ணை, சொல்லண்ணை!*
*மூண்டரையோ ரெண்டரையோ,*
*முழிக்கிறாய் என்னண்ணை?*

இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டது. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நாளும் ஊர்ப் பைலா ஆட்டப் பாட்டுகளையே திருப்பித் திருப்பி வாசித்த எங்களுக்கு, இந்த ஊரில் பிறந்த எங்கள் சொந்தப் பாட்டு! இதோடு நின்றிருந்தால் ஒரு பகிடி. பரவாயில்லை. ஆனால் இரண்டாவது அடி வேண்டுமே. 'தட்டி' என்று தொடங்கினேன். 'தட்டி'க்கு எதுகை 'கட்டி'.

*தட்டித் தட்டித் தாளம் போட்டுக்*
*கட்டினவளை மறந்தாயோ?*

கட்டினவளை அந்த மனிதர் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் எழுதினேன். எதுகை அவ்வளவு நன்றாக விழுந்தது! பாட்டுக் கட்டுகிறவனின் புத்தி அப்படி. நல்ல எதுகை ஒன்று கிடைத்தால் பெற்ற தாயையும் கேலி செய்வான்.

ஞாயிறு ஒத்திகையில் பாடிக் காட்டினேன். மற்ற மூன்று பேரும் நிலத்தில் விழுந்து சிரித்தார்கள். மணியண்ணை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். 

"மெட்டு நல்லாயிருக்கடா" என்றார் கடைசியில். "ரெண்டாவது அடியில தாளத்தைக் கொஞ்சம் இழுப்பம்."

இழுத்தார். அந்த இழுவையில்தான் பாட்டு பறந்தது. சபையே பாடும், 'மணியண்ணை' என்று வரும் இடத்தில் நூறு விரல்கள் அவரை நோக்கி நீளும், அவர் சிரித்துக்கொண்டே அடிப்பார். பீலெஃபெல்ட், டோட்முண்ட், சூரிச், பாரிஸ் என்று எங்கே போனாலும் அதைத்தான் கேட்டார்கள். தன் மேல் போட்ட பழிக்கு ஒரு மனிதர் அத்தனை வருடம் தாளம் போட்டார். நான் முன்னால் நின்று குனிந்து கைதட்டு வாங்கினேன்.

லொட்ஜுக்குப் போன கசெற்

பாட்டு எங்களைவிட வேகமாகப் பயணம் செய்தது. ஆரோ பதிவு செய்த கசெற், ஆரோ ஒருவரின் பெட்டியில், கொழும்புக்குப் போய்விட்டது. அந்த லொட்ஜில் பவானியக்காவின் அறைக்குப் பக்கத்து அறையில் பாடியது.

டெர்மின் தவறியது என்ன காரணத்தால் என்று அவர் அறிந்தது இப்படித்தான். சுவருக்கு மறுபக்கத்திலிருந்து, பைலா மெட்டில். லொட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் அதற்கு ஆடினார்களாம்.

இதை அவருடைய மகள், மணப்பெண் அபிதான் எனக்குச் சொன்னாள், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால், தொலைபேசியில். "மாமா, சண்டை வந்தா அம்மா இந்தப் பாட்டைத்தான் பாடுவா. அப்பா உடனே கப்சிப். எங்கட வீட்டுத் தேசிய கீதம் மாதிரி. நீங்கள் வந்து பாடோணும், அப்பா ட்ரம்ஸ் அடிக்கோணும். சப்ரைஸ்!" அவள் சிரித்தாள். நான் ஓம் என்றேன். அதன்பின் பல நாட்கள் சரியாக நித்திரை இல்லை.

மணியண்ணை எப்போதோ ஹம்பேர்க்குக்குக் குடிபோய்விட்டார். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணங்களில் கண்டால் தோளில் தட்டுவார். தீப்பெட்டியைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

சொல்லேல்லை

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம். றோல்ஸைக் குப்பைக்குள் போட்டேன்.

அபி வாடகைக்கு எடுத்த ட்ரம்ஸ் மேடையில் இருந்தது. பட்டு வேட்டியோடு மணியண்ணையை இழுத்துக்கொண்டு வந்து அதன் பின்னால் இருத்தினார்கள். வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அக்கோர்டியன் வாரைத் தோளில் மாட்டினேன். அந்தப் பழைய நிலவறை வாசனை வந்தது.

முதல் அடியைச் சபை எடுத்துக்கொண்டது. எனக்கு வேலையே இல்லை. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகள், தமிழ் சரியாக வராதவர்கள்கூட, "மணியண்ணை, சொல்லண்ணை!" என்று விரல் நீட்டினார்கள். முன்வரிசையில் பவானியக்கா எல்லோரையும்விட நேராக நீட்டினார்.

அடுத்து இரண்டாவது அடி. மணியண்ணை தன் இழுவையைத் தொடங்கினார். வெயில் இப்போது கால்களை விட்டு ஏறி முகங்களுக்கு வந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். 'தட்டி' வரவில்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் ட்ராமில் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தது வந்தது:

*ஹல்ப் ட்ரை எண்டால் ரெண்டரை மணி,*
*மணியண்ணை பிழையில்லை!*
*மூண்டரை எண்டு சொன்னவன் நான்,*
*சொல்லேல்லை, சொல்லேல்லை.*

எத்தனையோ வருடத்தில் ஒரு தட்டுத் தவறாத மனிதர் அன்று ஒரு தட்டைத் தவறவிட்டார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. புதுப் பகிடி என்று நினைத்தார்கள். "சொல்லேல்லை, சொல்லேல்லை" என்று பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டு ஆடினார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். நீட்டிய விரலை மெதுவாகக் கீழே விட்டார்.

பாட்டு முடிந்து மற்றப் பாட்டு தொடங்கியதும் பவானியக்கா மேடைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே ட்ரம்ஸுக்குப் போனார்.

"உண்மையோ?"

மணியண்ணை குச்சிகளைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்ல? இத்தினை வருசமா நான் உங்களை என்னவெல்லாம் சொன்னனான்! அப்பவும் வாயை மூடிக்கொண்டு இருந்தியளே!"

"முதல்ல இவன்ர பேருக்காக." குச்சியால் என்னைக் காட்டினார். "பிறகு, நீர் வந்து இறங்கினீர். ஒரு கிழமையா என்னோட கதைக்கேல்ல. சாப்பாடும் இல்ல, யன்னலடியில இருந்தபடி. முதல் கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். இந்தப் பாட்டு வந்தது. எல்லாரும் என்னைக் காட்டிச் சிரிக்க, நீரும் சிரிச்சீர். இந்த நாட்டில நீர் சிரிச்ச முதல் சிரிப்பு அது. அதை நான் ஏன் கெடுப்பான்?"

 கல்யாண வீட்டில் பெண்ணின் தாய் அழக்கூடாது என்பதற்காகப் பவானியக்கா மேலே விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவரின் சால்வை சரிந்து கிடந்தது. அதை எடுத்துத் தோளில் போட்டு, இரண்டு தரம் தடவிச் சரிசெய்தார். நான் அக்கோர்டியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்கேயாவது ஓடலாமா என்று யோசித்தேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை வீட்டை சாப்பிட வாங்கோ. ஹல்ப் அய்ன்ஸ்."

அய்ன்ஸ் என்றால் ஒன்று. பதிலுக்காகக் காத்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"பன்னிரண்டரை, அக்கா" என்றேன்.

"ஓம்" என்றுவிட்டுப் போனார்.

ஹல்ப் அய்ன்ஸ்

ஞாயிற்றுக்கிழமை பீலெஃபெல்டில் வெள்ளாப்பிலேயே ரயிலேறினேன். வெளியே வயல்களில் பனிப்புகார் படுத்திருந்தது. பசுக்கள் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிய மிதந்தன. எந்த மெட்டும் வரவில்லை. ஹம்பேர்க்கில் எஸ்-பான் ரயில் மாறி, இறங்கி, வழியைக் கேட்டுக் கேட்டு நடந்து, மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டு மணியை அடித்தபோது என் மணிக்கூட்டில் பதினொன்றரை.

பவானியக்கா கதவைத் திறந்தார். கை ஈரம். சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு மணித்தியாலம் முந்தி வந்திட்டியள்."

"ஓம் அக்கா. பிந்தக் கூடாது எண்டு..."

"நீங்கள் அந்த அஞ்சு மாசத்துக்கு முந்தி வந்திருக்கோணும், ராசன்."

நான் படியிலேயே நின்றேன்.  உள்ளே எங்கேயோ மணியண்ணை கரண்டியால் சட்டியில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இழுவை தெரிந்தது.

பவானியக்கா கதவை அகலத் திறந்தார்.

"வெங்காயம் உரிக்கக் கிடக்கு. உள்ள வாங்கோ."